நபீசா வாங்கிய பல்பு

இந்த உலகத்தில் கண்ணுக்குத் தெரியாத பெருஞ்சக்தி ஒன்று உண்டு. அது சுவருக்குள் ஓடும். கூரைக்கு மேல் ஓடும். மனிதன் உறங்கும்போதும் அது விழித்திருக்கும். அதை மதித்தவன் வாழ்ந்தான்; மதிக்காதவன் மாண்டான். மாதம் பிறந்தால் அதற்கு பில்லும் வரும்.

ஆமாம், கரண்டைத்தான் சொல்கிறேன். பேயைப் பற்றிச் சொல்ல வந்தவன் கரண்டில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரி சாரத்தில் நபீசாவின் வீட்டில் நடந்ததில் எது கரண்டு, எது மற்றது என்று இன்று வரைக்கும் யாராலும் பிரிக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டிச் சொல்லும் வேலைக்கு அந்த வீட்டிலேயே நபீசாவின் புருஷன் மொய்னுதீன் இருக்கிறார்.

மொய்னுதீனுக்கு பஜாரில் பயணப் பெட்டிக் கடை. பிரான்சுக்குப் போகிறவர்களுக்குப் பெட்டி விற்றே முடி நரைத்தவர். அவர் மட்டும் இன்னும் விமானம் ஏறவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களை 'போன்ழூர்' சொல்லித்தான் வரவேற்பார். 'பிரான்ஸ் கால்பந்து ரசிகர் பேரவை, புதுச்சேரி மாநிலம்' என்ற அமைப்புக்கு அவர்தான் தலைவர். சமோசா உண்டு என்றால் உறுப்பினர்கள் குறையாமல் வந்துவிடுவார்கள்.

அவருடைய அத்தா ஜாகிர் வேறு மாதிரி. பஞ்சாலையில் எலக்ட்ரிக் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு ஒயரிங் முழுக்க அவர் கைவேலை. நடு ஹாலில் சீலிங்கிலிருந்து ஒரு பல்பு தொங்கும். அதற்கு ரெண்டு ஸ்விட்ச். ஒன்று வாசல் பக்கம். இன்னொன்று உள்ளறையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில். எதை அழுத்தினாலும் எரியும். எதை அழுத்தினாலும் அணையும். மகன் டிவி முன்னால் தூங்கிப்போய் விளக்கை வீணாக எரிய விட்டால், படுத்த இடத்திலிருந்தே அணைப்பதற்காக அவர் போட்டது.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. இடது கை மட்டும் மிஞ்சியது. அந்த ஸ்விட்சே அவருக்கு வாயாகிவிட்டது.

ஹால் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் தண்ணீர். ரெண்டு முறை என்றால் ஒன்றுக்கு வருகிறது. மூன்று முறை என்றால், மொய்னுவைக் கூப்பிடு.

ஒன்றுக்கும் ரெண்டுக்கும் நபீசா ஓடுவாள். மூன்று அடித்தால் புருஷனிடம் போய் நிற்பாள். "ஏங்க, மாமா கூப்புடுறாங்க." அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதோ" என்பார். அந்த 'இதோ' வந்து சேர அரை மணி ஆகும்.

தவளக்குப்பத்தில் தங்கைக்குப் பிரசவம் என்று மகள் ஹிபாவையும் அழைத்துக்கொண்டு நபீசா ஒரே ஒரு ராத்திரி போனாள். அன்றைக்குத்தான் மாமனார் மவுத்தானார்.

ஓடி வந்தவளிடம் மொய்னுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தூக்கத்துலயே போயிட்டாங்க. தூங்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து ஓதிக்கிட்டிருந்தேன். உலகக் கோப்பை பைனலு. டிவி பொட்டியக்கூட தொடல. அப்புறம் ஹால்ல வந்து படுத்தேன். கூப்ட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா? பல்பு பியூஸ் ஆயிருக்குது நபீசா. ராத்திரியில எப்பவோ... நீ வாங்கியாந்த பல்பு."

நீ வாங்கியாந்த பல்பு.

அந்தச் சொல் நபீசாவுக்குள் போய்த் தங்கிவிட்டது. முக்குக்கடை கலியபெருமாளிடம் அவள்தான் வாங்கினாள். ரெண்டு வருஷம் வாரண்டி என்று சொல்லி, பல்பின் அடியில் தேதியை மார்க்கரில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பல்பைக் கொண்டுபோய் அவர் மூஞ்சியில் வீசவேண்டும் போல இருந்தது. கேட்டதற்கு, "அத ஏன் வச்சிக்கிட்டு... தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் புருஷன்.

அன்றிலிருந்து அவள் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. எதிரில் கலியபெருமாளைக் கண்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒரு வாய் தண்ணீர் கேட்டிருப்பாரோ, ஒரு மனுஷனைக் கூப்பிட்டிருப்பாரோ என்று நினைத்து நினைத்து, ஒழுங்கான பல்பு வாங்கத் தெரியாத தன் கையைத்தான் நொந்துகொண்டாள்.

உள்ளறை பேரவை அலுவலகம் ஆயிற்று. கட்டில் போய் மேசை வந்தது. கட்டில் பக்கத்து ஸ்விட்சைப் பிடுங்கி, ஒயரை அறுத்து, குழியில் சிமெண்ட் அடைத்துப் பூசினார்கள். ஒயர் ஜாயின்ட்டைச் சுவரில் புதைக்காதே, புதைத்தது ஒருநாள் சூடாகும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பிட்டரின் அறை அது. ஹாலில் மட்டும் வெறும் ஹோல்டர் தொங்கியது. அதில் வேறு பல்பு போட யாருக்கும் கை வரவில்லை.

ரெண்டு வருஷம் போயிற்று.

ஹிபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. பையன் லமீஸ். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. மொய்னுதீனுக்குத் தலைகால் புரியவில்லை. நடு ஹாலில் லஸ்தர் விளக்கு தொங்கியே ஆகவேண்டும் என்றார். பித்தளைக் கையும் கண்ணாடிச் சரமுமாக ஒன்று வந்து இறங்கியது. அதை அவர் 'லுஸ்த்ரு' என்றுதான் சொல்வார். மாட்ட வந்த தமிழ்மாறன், "தொங்கல் லைட்டா பாய்?" என்றார்.

"லுஸ்த்ரு."

"சரி, ஏதோ ஒண்ணு."

தமிழ்மாறனுக்கு ரூல் எல்லாம் தலைகீழ்ப் பாடம். "ரூல் இன்னான்னா பாய், புது பாயிண்ட்டுக்கு பாக்ஸ்லேர்ந்து புது ஒயர் இழுக்கணும். பழசுல தொங்க வுடக்கூடாது. ஸ்விட்ச்சு பேஸ்ல, அதான் கரண்டு வர்ற ஒயர்ல வரணும். பித்தளை பாடி, எர்த்து கட்டாயம். ஹூக்கு தளத்துக் கம்பியப் பிடிச்சிருக்கணும்."

"அப்புடியே செஞ்சிடு."

"செஞ்சிடலாம். சுவத்த உடைக்கணும்."

"பெயிண்ட் புதுசுப்பா."

"அப்போ அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"உனக்கு லைசன்ஸ் இருக்குதில்ல?"

"அண்ணன் பேர்ல இருக்குது."

பழைய ஒயரிலேயே லஸ்தர் ஏறியது. ஏணியில் நின்று மேலே எதையோ பார்த்துத் தமிழ்மாறன் புருவத்தைச் சுருக்கினார். "இது டூ-வே லைன். இன்னொரு ஸ்விட்ச்சு எங்க?"

"அது இப்ப இல்ல" என்றார் மொய்னுதீன். கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னார். நபீசா அதைக் கவனித்தாள். ஆனால் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

அன்று மாலை மஃக்ரிப் தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் விளக்கைப் போட்டார்கள். ஹால் ஜொலித்தது. மொய்னுதீன் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

நபீசா அடுப்படியில் இருந்தாள். பாத்திரத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அது போயிற்று. வந்தது.

ஒருமுறை.

கை தானாகப் போய் டம்ளரை எடுத்தது. பானையில் மொண்டது. கால் நடந்தது. உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்து நின்ற பிறகுதான் அவளுக்குப் புத்தி வந்தது. எதிரே கட்டில் இல்லை. மேசை. பேரவை பேனர். பேனரில் புருஷனின் சிரித்த முகம்.

தைல வாசனை.

படுக்கைப் புண்ணுக்கு அவள் தடவிவிடும் தைலம். ரெண்டு வருஷமாக அந்த வீட்டில் இல்லாத வாசனை.

"யாருக்கும்மா தண்ணி?" என்று பின்னாலிருந்து ஹிபா கேட்டாள்.

நபீசா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். காலையில் பார்த்தபோது அது காலியாக இருந்தது. ஹிபா குடித்திருப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டு, 'இல்லையே' என்று சொல்லிவிட்டால்...

விளக்கு அணைந்து எரிகிறது என்று நபீசா சொன்னதும் மொய்னுதீன் தமிழ்மாறனைப் பிடி பிடி என்று பிடித்தார். சாயங்காலம் பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தமிழ்மாறன் பழைய ஒயரை இரு பக்கமும் அறுத்துப் போட்டார். பாக்ஸிலிருந்து புது ஒயர் இழுத்து, சுவர்மேல் பட்டை வைத்துக் கொண்டுபோனார். பேஸில் ஸ்விட்ச். பித்தளைக்கு எர்த். ஹூக்கில் தானே தொங்கிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையை முழுக்க ரூல்படி செய்திருந்தார். அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

"இனிமே பழைய லைனுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது பாயம்மா. அறுந்துபோச்சி."

நபீசாவுக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் லமீஸ், அவன் அம்மா, அத்தா மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். தமிழ்மாறனை வாசலோரம் உட்கார வைத்து, "நம்ம எலக்ட்ரிகல் என்ஜினீயர்" என்று அறிமுகம் செய்தார் மொய்னுதீன். தமிழ்மாறன் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"எங்க அத்தா பிரெஞ்சு காலத்துல பெரிய உத்தியோகத்துல இருந்தவங்க" என்று ஆரம்பித்தார் மொய்னுதீன். பஞ்சாலை பிட்டர் மெல்ல மெல்லப் பதவி உயர்ந்துகொண்டே போனார். நபீசா உள்ளே தட்டில் சர்பத் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி ராத்திரி... அத்தா கையப் புடிச்சபடியே உக்காந்திருந்தேன். உலகக் கோப்பை பைனலு. பிரான்ஸ் ஆடுது. நான் டிவி பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

"மாஷா அல்லாஹ். பிள்ளைன்னா இப்புடி இருக்கணும்" என்றார் லமீஸின் அத்தா.

நபீசா தட்டோடு ஹாலுக்குள் கால் வைத்தாள்.

விளக்கு அணைந்தது. எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

அணைந்தது...

எரிந்தது.

"ஏங்க" என்றாள் நபீசா. "மாமா கூப்புடுறாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

லமீஸின் அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு மொய்னுதீனைப் பார்த்தாள். "உங்க அத்தா... மவுத்தாயிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"வோல்ட்டேஜு" என்றார் மொய்னுதீன். "தமிழு! வோல்ட்டேஜப் பாரு!"

மறுபடியும் மூன்று.

தமிழ்மாறன் எழுந்து ஓடி மெயினை இறக்கினார். டக். மின்விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. டிவியின் சிவப்புப் புள்ளி போயிற்று. வீட்டில் ஒரு பொட்டு கரண்டு இல்லை. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். தூரத்தில் பாங்கு.

"அவ்ளோதான்" என்றார் தமிழ்மாறன். "இப்ப ஒண்ணும்..."

லஸ்தர் எரிந்தது.

அணைந்தது.

எரிந்தது. அணைந்தது.

எரிந்தது...

யாரும் அசையவில்லை.

உள்ளறையிலிருந்து சத்தம்.

டிக்.

டிக்.

டிக்.

"பல்லி போல" என்றாள் லமீஸின் அம்மா.

அப்போது நபீசா ஒன்றைப் பார்த்தாள். மொய்னுதீன் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை. மெயின் பக்கம் போகவில்லை. உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. நேரே போய் டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்தார். விளக்குக்கு நேர் கீழே போட்டார். ஏறினார். ஒரே மூச்சில். வழி தெரிந்தவர் போல.

முன்பே ஒருமுறை செய்தவர் போல.

"சுடுது... துணி குடு! துணி!" பல்பைத் திருகப் போன கையை உதறினார்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த ஹிபா கைக்கு எட்டியதை இழுத்தாள். ஷோகேஸில் சுருட்டி வைத்திருந்த பிரான்ஸ் அணியின் நீல ஜெர்ஸி. அத்தா நினைவாக இனி போடமாட்டேன் என்று சொல்லி, யாரையும் தொடவிடாமல் மொய்னுதீன் வைத்திருந்தது.

அதிலிருந்து எதுவோ விழுந்தது.

உடையவில்லை. உருண்டது. நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து நபீசாவின் காலடியில் நின்றது.

ஒரு பல்பு.

லஸ்தர் அணைந்தது. பிறகு எரியவில்லை. உள்ளறைச் சத்தமும் நின்றது.

நபீசா குனிந்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். அடியில் மார்க்கரில் தேதி. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. இந்த ஊரில் பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எழுதுகிற ஏழு. கலியபெருமாள் எழுதிய ஏழு.

ரெண்டு வருஷம் ஜெர்ஸிக்குள் கிடந்த பல்பு.

சூடாக இருந்தது.

பிள்ளை வீட்டார் சர்பத் குடிக்காமல் கிளம்பினார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். தமிழ்மாறன் ஏணியை மறந்துவிட்டுப் போனார். மொய்னுதீன் ஸ்டூலிலிருந்து இறங்கி, "அது வேற பல்பு நபீசா" என்றார்.

அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை, ரெண்டு வருஷத்துக்குப் பிறகு, நபீசா முக்குக்கடைப் படி ஏறினாள். கலியபெருமாளுக்குக் கை கால் ஓடவில்லை.

"வாங்க பாயம்மா! இன்னாம்மா, எங்கள மறந்தே பூட்டீங்க. எதனா தப்பு பண்ணிட்டேனா?"

நபீசா பல்பை மேசையில் வைத்தாள். "இது பியூஸான்னு பாருங்க."

அவர் கடையில் பல்பு சோதிக்க ஒரு ஹோல்டர் உண்டு. மாட்டினார். ஸ்விட்சைத் தட்டினார்.

பளிச்சென்று எரிந்தது.

"இதுக்கு இன்னாம்மா கேடு? நல்லாதான எரியுது." கையில் எடுத்துத் தேதியைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. "அட, இது அந்தப் பல்பாச்சே! பைனல் அன்னிக்கு பாய் கழட்டினது."

"நீங்க... இருந்தீங்களா?"

"நான் இல்லாம பேரவையா? செம்மல், பலராமன், நாங்க ஏழெட்டுப் பேரு. உங்க வூட்டு ஹால்லதான் பாத்தோம். பாய் ஜெர்ஸி போட்டுக்கினு ஒரே குதி. பிரான்ஸ் ரெண்டு கோல் வாங்கிட்டு நிக்கிற நேரம், இந்தப் பல்பு வேற அணைஞ்சு அணைஞ்சு எரியுது. கண்ணு கூசுது."

"எத்தன தடவ?"

"மூணு மூணா. விட்டு விட்டு மூணு மூணா. பாய் லூஸ் காண்டாக்ட்டுன்னாரு. ஒரு கட்டத்துல கடுப்பாயி ஸ்டூல் போட்டு ஏறினாரு. ஜெர்ஸியக் கழட்டிப் புடிச்சிக்கினு பல்பத் திருகி எடுத்து, அப்புடியே சுருட்டி ஷோகேஸ்ல வச்சாரு. அதுக்கப்பறம் இருட்டுல டிவி சும்மா தியேட்டர் மாதிரி."

அவள் முகம் மாறியதைக் கலியபெருமாள் பார்த்தாரோ இல்லையோ, அவர் குரல் இறங்கியது.

"ஒண்ணுதான் பாயம்மா. பல்பக் கழட்டினப்புறமும் உள்ளேர்ந்து ஒரு சத்தம்... டிக் டிக்குன்னு. எக்ஸ்ட்ரா டைம் பூரா கேட்டுக்கிட்டே இருந்துது. பாய் பல்லின்னாரு. டிவி சவுண்ட ஏத்தினாரு. பெனால்டி ஆரம்பிச்சப்ப நின்னுபோச்சி. மறுநாள் அய்யா மவுத்துன்னதும், ச்சே, இவரு வூட்ல போயி கத்திக்கிட்டிருந்தோமேன்னு எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. தூங்கிட்டிருக்காருன்னுதான பாய் சொன்னாரு?"

நபீசா பல்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று ஏணியை எடுக்க வந்த தமிழ்மாறனிடம் லஸ்தரை இறக்கச் சொன்னாள். பழைய ஹோல்டரைப் பழைய இடத்தில் மாட்டச் சொன்னாள். ஒயர் எதையும் இழுக்க வேண்டாம் என்றாள்.

"பழைய லைன அறுத்துட்டேன் பாயம்மா. கரண்டே வராது."

"தெரியும்."

அந்த ஹோல்டரில் அவளே ஸ்டூல் போட்டு ஏறி, கலியபெருமாளின் பல்பைத் திருகினாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள். மொய்னுதீன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. பாங்கு ஒலித்தது.

பல்பு எரிந்து அணைந்தது. மூன்று முறை.

நபீசா தலை நிமிரவில்லை.

"ஏங்க" என்றாள். "உங்களத்தான்."

இந்த முறை அவர் 'இதோ' சொல்லவில்லை. பேரவைத் தலைவர் எழுந்தார். உள்ளறைக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் மஃக்ரிப் பாங்கு கேட்டதும் உள்ளே போகிறார். அரை மணி கழித்து வெளியே வரும்போது கையில் தைல வாசனை அடிக்கிறது.

அறுத்துப் போட்ட ஒயரில் அந்தப் பல்பு எப்படி எரிகிறது என்று தமிழ்மாறன் ரூலில் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆட்டத்தில் பிரான்ஸ் தோற்றுப்போனது.